ஸ்டீல் கம்பி கிட்டாரை விமானத்தில் லக்கேஜாகப் போடலாமா?

ஆறுகம்பி

இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய பயணம் ஒன்று வருகிறது. கிட்டாரும் கூட வந்தாக வேண்டும். ஸ்புரூஸ் டாப், ஒட்டிய மஹோகனி நெக், ஸ்டீல் கம்பி. வாங்கும்போது கூடவே வந்த பிளைவுட் ஹார்ட் கேஸ் இருக்கிறது. முதல் விமானம் பெரியது, அடுத்தது புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம்.

கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மேலே போனதும் காற்றழுத்தம் குறையும், கம்பியை முழுக்கக் கழற்றாவிட்டால் நெக் வளைந்துவிடும் என்கிறார் ஒருவர். கம்பியில் கையே வைக்காதே என்கிறார் இன்னொருவர். கேபினுக்குள் விடுவார்களா, இல்லை கவுன்டரிலேயே கொடுத்துவிடுவது நல்லதா என்பதும் புரியவில்லை. பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மரப்பட்டறை

கிட்டார் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். பயணத்தில் அடிபட்டு என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே இடத்தில்தான் காயம்: நெக்கின் நுனியில் கம்பிகள் படிந்து செல்லும் சின்னக் கட்டையான நட்டுக்குப் பின்னால், ஹெட்ஸ்டாக், அதாவது ட்யூனர்கள் இருக்கும் தலை, தொடங்கும் இடம். பல சமயம் கேஸின் மேல் ஒரு கீறல்கூட இருக்காது. திறந்து பார்த்தால் தலை தனியாகக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் காற்றழுத்தம் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். நாம் உட்காரும் கேபினும் கீழே லக்கேஜ் போகும் அறையும் ஒரே அழுத்தக் கூட்டுக்குள்தான் இருக்கின்றன. அங்கே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுதான். அந்த உயரத்தில் மக்கள் ஊர் கட்டி வாழ்கிறார்கள், கிட்டாரும் வாசிக்கிறார்கள். எந்த நெக்கும் அதனால் வளைவதில்லை.

கிட்டாரை உடைப்பது விழுகிற அடி. ஒரே மரத்துண்டில் செதுக்கிய நெக்கில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. ஹெட்ஸ்டாக் பின்பக்கம் சாயும் இடத்தில் அந்த நார் குறுக்கே அறுபடுகிறது. கிப்சன் மாடல்கள் பலவற்றில் இந்தச் சாய்வு 17 டிகிரி. போதாததற்கு ட்ரஸ் ராடை, அதாவது கம்பி இழுவைக்கு எதிராக நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டை, திருகுவதற்கான குழியையும் பல கம்பெனிகள் அதே இடத்தில்தான் தோண்டுகின்றன. நுனியில் ஆறு ட்யூனரின் எடை வேறு.

இப்போது நிற்க வைத்த கேஸ் மூடிப் பக்கமாகக் குப்புற விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் கேஸோடு நின்றுவிடும். தலை நிற்காமல் முன்னோக்கிப் போகும். கம்பிகளும் அதே பக்கம்தான் இழுத்துக்கொண்டிருக்கின்றன. லைட் கேஜ் ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். இரண்டும் ஒரே நொடியில் சேரும்போது, தலை எதன் மீதும் மோதாமலேயே பின்பக்கம் பிளந்துவிடும்.

ஆகவே கம்பியைத் தளர்த்தச் சொன்னவர் சொன்னது சரி, சொன்ன காரணம்தான் தப்பு. எல்லாக் கம்பியையும் இரண்டு டோன் இறக்குங்கள். இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், அது போதும். முழுக்கத் தளர்த்தினால் ட்ரஸ் ராட் இழுக்கும் பக்கமாக நெக் கொஞ்சம் பின்னுக்கு வளையும். சில நாளில் அது நிரந்தரமாகிவிடாது. ஆனால் உடல் பக்கம் கம்பி நுனியைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பின்கள் கழன்று கேஸுக்குள் உருளும், போன இடத்தில் ட்யூனிங் நிலைக்க நேரம் பிடிக்கும்.

கேபினில் கொண்டு போக முடிந்தால் அதுதான் முதல் வழி. முடியாவிட்டால் கேஸுக்குள் எப்படி அடைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மேடைக்காற்று

கேபின் விஷயம் நான் சொல்கிறேன். கச்சேரிக்காக அடிக்கடி பறப்பவன்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2012ல் வந்த சட்டம், அதற்கான விதிகள் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. ஏறும் நேரத்தில் மேல் அலமாரியிலோ சீட்டுக்கு அடியிலோ பத்திரமாக வைக்க இடம் இருந்தால், கிட்டார் போன்ற சின்ன வாத்தியத்தை அனுமதிக்க வேண்டும், சாதாரணக் கைப்பைக்கு வாங்குவதைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது. ஆனால் ‘ஏறும் நேரத்தில் இடம் இருந்தால்’ என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு முன் ஏறியவர்களின் பெட்டிகள் அலமாரியை நிரப்பிவிட்டால் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. அதனால் முன்னதாக ஏற வழி இருந்தால் விடாதீர்கள்.

மற்ற இடங்களில் அந்தந்த நிறுவனம் வைத்ததுதான் விதி. அவர்கள் தளத்தில் வாத்தியங்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் படித்து போனில் சேமித்து வையுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கே தெரியாமல் போவது உண்டு, அப்போது சண்டை போடாமல் காட்ட அது உதவும். உள்ளே போனதும் கோட் மாட்டும் அலமாரி இருக்கிறதா என்று பணிப்பெண்ணிடம் கேட்கலாம். அது அவர்கள் செய்யும் உதவி, நம் உரிமை இல்லை. முகம் பார்த்துக் கேட்டால் பல முறை கிடைத்திருக்கிறது.

உங்கள் சிக்கல் இரண்டாவது விமானத்தில்தான். புரொப்பெல்லர் விமானங்களில் மேல் அலமாரி சின்னது, கிட்டார் கேஸ் நீளம் ஒரு மீட்டருக்கு மேல். படியருகே வாங்கி டேக் மாட்டிக் கீழே போட்டுவிடுவார்கள். அப்படி வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: இறங்கும்போது படியருகிலேயே திருப்பித் தருவீர்களா, பெல்ட்டில் வருமா? படியருகே என்றால் கைமாறும் இடங்கள் குறைவு. பெல்ட் என்றால் மற்ற பெட்டிகள் படும் பாடெல்லாம் அதுவும் படும்.

எனவே மெல்லிய பையில் கொண்டு போய், கேபினில் இடம் கிடைக்கும் என்று நம்பி நிற்பது ஆபத்து. கடைசி நிமிடத்தில் அதே பையோடு லக்கேஜ் அறைக்குப் போக நேர்ந்தால் காப்பாற்ற ஒன்றுமே இருக்காது. கேபினுக்கே என்று கிளம்பினாலும் லக்கேஜுக்குத் தயாரானது போலவே கட்டுங்கள்.

புதுவிரல்

கிட்டாருக்கென்று தனி சீட் வாங்கலாமா?

மேடைக்காற்று

வாங்கலாம், செல்லோ வாசிப்பவர்கள் செய்வது அதுதான். ஆனால் இணையத்தில் சும்மா இன்னொரு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நிறுவனத்துக்கு போன் செய்து வாத்தியத்துக்கான சீட் என்று பதிவு செய்ய வேண்டும். சாதாரணமாக ஜன்னலோர சீட் தருவார்கள், அவசர வழி வரிசையில் தர மாட்டார்கள், பெல்ட்டால் கட்டுவார்கள். விலைமதிப்பான பழைய கிட்டார் என்றால் யோசிக்கலாம்.

மரப்பட்டறை

சரி, கேஸை அடைக்கும் விஷயம்.

கிட்டாரை வைத்து மூடி, கேஸைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் லேசாக ஆட்டுங்கள். பிறகு நீளவாக்கில் ஆட்டுங்கள். உள்ளே ‘டொக்’ என்று கேட்டால் அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது. அந்தச் சத்தம் நிற்கும்வரை கேஸை யாரிடமும் கொடுக்காதீர்கள். விலை உயர்ந்த கேஸ் வாங்கி உள்ளே கிட்டார் ஆடிக்கொண்டே போவதைவிட, உங்கள் பிளைவுட் கேஸில் ஆடாமல் போவது மேல்.

வால் பக்கத்திலிருந்து தொடங்கலாம். அங்கே ஸ்ட்ராப் மாட்டும் பட்டன் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றிவிடுங்கள். கேஸ் நிமிர்ந்த நிலையில் தரையில் விழுந்தால் கிட்டாரின் மொத்த எடையும் அந்த ஒற்றைப் பட்டன் மேல் இறங்கும். பட்டன் ஆப்பு மாதிரி உள்ளே போய் அடிக்கட்டையையும் பக்கப் பலகையையும் பிளந்துவிடும். பிக்கப் ஜாக் அந்த இடத்திலேயே இருந்தால் கழற்ற முடியாது. அப்போது மடித்த துணியை அதன் இரண்டு பக்கமும் வைத்து, எடை பட்டன் மேல் இறங்காமல் உடலின் மேல் பரவும்படி செய்யுங்கள். இடுப்பு வளைவிலும் கீழ்ப் பக்கங்களிலும் இடைவெளி இருந்தால் சாக்ஸ், டி-ஷர்ட் எதையாவது சுருட்டி அடையுங்கள்.

நெக்கைக் கேஸில் இருக்கும் தாங்கி பிடித்துக்கொள்ளும். அதற்கு அப்பால் ஹெட்ஸ்டாக் வெறும் காற்றில் நிற்கிறது. எல்லோரும் அதற்குக் கீழே துணி வைக்கிறார்கள், மேலே வைப்பதில்லை. குப்புற விழும்போது தலை போவது மூடியை நோக்கித்தான், அங்கே தடுக்க எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் வையுங்கள். கீழே ஒரு மென்மையான சுருட்டல், மேலே ஒன்று, மூடியை மூடும்போது லேசாக அழுந்தும் அளவுக்கு. ஹெட்ஸ்டாக்கின் நுனி மட்டும் கேஸின் முனைச் சுவரைத் தொடக் கூடாது.

எவ்வளவு இறுக்கம் என்று பார்க்க ஒரு வழி. துணிக்கும் ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுங்கள். கிழியாமல், ஆனால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். எளிதாக வழுக்கி வந்தால் துணி போதாது. வரவே மறுத்தால் நெக்கைத் தாங்கியிலிருந்து துணி தூக்குகிறது, குறைத்துவிடுங்கள்.

கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மெல்லிய துணி ஒன்று. பிரிட்ஜ் மேல் எதையும் வைத்து மூடியால் அழுத்தாதீர்கள், டாப் பலகை தாங்காது. கேப்போ, ட்யூனர், கம்பி வெட்டும் கருவி எல்லாம் கேஸின் சின்ன அறையில் இருக்கும். அதன் மூடி திறந்துகொண்டால் எல்லாம் கிட்டார் மேல்தான் விழும். வெளியே எடுத்து வேறு பையில் போடுங்கள். வயர்லெஸ் கருவிக்கான உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் லக்கேஜில் போகவே கூடாது, அவை கைப்பைக்கு.

ஏழாம்ஸ்வரம்

> எல்லோரும் அதற்குக் கீழே துணி வைக்கிறார்கள், மேலே வைப்பதில்லை. இரண்டு பக்கமும் வையுங்கள்.

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. தலையைச் சுற்றி எதுவும் வைக்காமல் விடுவதுதான் நல்லது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேஸின் முதுகில் விழும் அடி துணி வழியாக நேரே தலைக்குப் போய்விடாதா? நல்ல கேஸ்கள் நெக்கை மட்டும் பிடித்துத் தலையைத் தொங்கவிடுவதற்குக் காரணம் இருக்கத்தானே செய்யும்?

மரப்பட்டறை

நியாயமான கேள்வி. கேஸின் ஓட்டில் கூர்மையான அடி விழுந்தால் அது உள்ளே கடத்தப்படும் என்பது உண்மை. அதனால்தான் கடினமான பொருளை வைக்கக் கூடாது என்கிறேன். இறுக்கமாக மடித்த ஜீன்ஸ், புத்தகம், மரத்துண்டு எல்லாம் வைத்து அனுப்பிய கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். அவை தலையை நெம்பும். மென்மையான துணியின் வேலை தலையைத் தாங்குவது இல்லை, அது துள்ளும் தூரத்தைக் குறைப்பது. தலை மெதுவாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கேஸில் நெக் தாங்கி நீளமாக, நட்டுக்கு மிக அருகில்வரை வருகிறது என்றால் துணியின் தேவை குறைவு. பிளைவுட் கேஸ்களில் அந்தத் தாங்கி பெரும்பாலும் குட்டையானது, ஆறுகம்பிக்கு அது வேண்டும்.

நாலுதிருகு

எலக்ட்ரிக் வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. ஃபெண்டர் வகையில் ஹெட்ஸ்டாக் சாய்வே இல்லை, மேப்பிள் நெக், நாலு திருகில் உடலோடு நிற்கிறது. மேலே சொன்ன மாதிரி தலை ஒடிவது அவற்றில் அபூர்வம். நெக்கைக் கழற்றிச் சூட்கேஸிலேயே துணிகளுக்கு நடுவில் கொண்டு போய்விடலாம், கிட்டார் என்று யாருக்கும் தெரியாது.

திரும்பப் பூட்டும்போது அவசரப்படாதீர்கள். திருகைத் துளையில் வைத்து முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் லேசாக ‘க்ளிக்’ என்று இறங்கும். அங்கேதான் பழைய மரை தொடங்குகிறது, அங்கிருந்து முறுக்குங்கள். இப்படிச் செய்யாமல் நேரே முறுக்கினால் ஒவ்வொரு முறையும் மரத்தில் புது மரை வெட்டி, கடைசியில் துளை பிடிப்பே இழந்துவிடும். அடிக்கடி கழற்றுபவர்கள் உலோக மரை பதித்துக்கொள்வது நல்லது.

ஒட்டிய நெக் உள்ள கிட்டாருக்கு இது பொருந்தாது.

ஈரக்காற்று

எல்லோரும் அடியைப் பற்றியே பேசுகிறீர்கள், வறட்சியையும் கவனிக்க வேண்டும். மரப் பலகை கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது. பறக்கும் விமானத்துக்குள் அது 20 சதவீதத்துக்கும் கீழே போவது சாதாரணம். சில மணி நேரப் பயணத்தில் மூடிய கேஸ் தாங்கிக்கொள்ளும், நீண்ட பயணம் என்றால் ஈரத்தைச் சமன் செய்யும் பொட்டலம் ஒன்றைக் கம்பிகளுக்கு நடுவே ஒலித்துளையில் தொங்கவிடுங்கள். போவெடா மாதிரியான இருவழிப் பொட்டலம் தண்ணீர் சொட்டாது. ஈர ஸ்பாஞ்ச் வேண்டாம், கேஸ் தலைகீழாகப் புரளும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போய்ச் சேர்ந்ததும் ஆசையோடு உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த கேஸைச் சூடான அறையில் சட்டென்று திறந்தால் நைட்ரோ லேக்கர் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் ஓடும், பூச்சும் மரமும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. சில மணி நேரம் மூடியே இருக்கட்டும். நவீன பாலியூரித்தேன் பூச்சுக்கு இந்தப் பயம் குறைவு. வெயிலில் ஓடுபாதை ஓரம் வண்டியில் காத்திருக்கும் கேஸ் கொதித்துப் போகும், அந்தச் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கும். கம்பியை இறக்கி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிர் நிறக் கேஸ் அல்லது மேலே ஒரு வெளிர் உறை கொஞ்சம் உதவும்.

ஆறுகம்பி

> சில மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

ஆனால் விமான நிலையத்திலேயே திறந்து பார்க்காவிட்டால், உடைந்திருந்தால் எப்படிப் புகார் கொடுப்பது?

சட்டக்கம்பி

இங்கே நான் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்: திறந்து பாருங்கள். பூச்சில் வரும் மயிரிழையைவிடப் புகார் செய்யும் உரிமை முக்கியம்.

சர்வதேசப் பயணங்களுக்கு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். லக்கேஜ் சேதம் என்றால் அதைக் கண்டவுடன், கையில் வாங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். வழக்குப் போட 2 ஆண்டு. உள்நாட்டுப் பயணத்துக்கும் நிறுவனங்களின் சொந்த விதிகளுக்கும் கெடு இன்னும் குறுகியதாக இருக்கலாம். 2008ல் கனடா இசைக்கலைஞர் டேவ் கரோலின் டெய்லர் கிட்டார் லக்கேஜில் உடைந்தது. 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று சொல்லித்தான் நிறுவனம் கையை விரித்தது. 2009ல் அவர் அதைப் பாட்டாக்கி யூடியூபில் போட்டார், உலகமே பார்த்தது. நமக்கு அந்த வழி வாய்க்காது. வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள்.

இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது ஐஎம்எஃப்பின் கணக்கு அலகு. அது ஒரு பயணியின் எல்லா லக்கேஜுக்கும் சேர்த்து. உங்கள் கிட்டார் அதைவிட மதிப்பு என்றால் செக்-இன் செய்யும்போதே சிறப்பு மதிப்பு அறிவிப்பு கொடுத்து, கேட்கும் கூடுதல் தொகையைக் கட்டலாம். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இல்லை, கவுன்டரில் நீங்களாகக் கேட்க வேண்டும். வாத்தியக் காப்பீடு தனியாக எடுப்பது இதைவிட எளிது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் வாத்தியம் சேருமா என்று வரி வரியாகப் படியுங்கள்.

இன்னொன்று. கவுன்டரில் ‘உடையும் பொருள், நிறுவனம் பொறுப்பல்ல’ என்று எழுதிய டேக்கில் கையெழுத்து கேட்பார்கள். ஒப்பந்தத்தின் 26ஆவது பிரிவின்படி, நிறுவனத்தின் பொறுப்பை அடியோடு நீக்கும் நிபந்தனை செல்லாது. ஆனால் பொருளின் சொந்தக் குறையால் வந்த சேதம் என்று அவர்கள் வாதிடலாம், 17ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதனால்தான் புகைப்படம் முக்கியம். கேஸை மூடும் முன் ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம், பிரிட்ஜ், பக்கப் பலகைகள், அடைத்து வைத்த விதம் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

ரோஸ்வுட்பிரியன்

எல்லை தாண்டுகிறீர்கள் என்றால் மரத்தையும் பாருங்கள். பிரேசிலியன் ரோஸ்வுட் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, பழைய கிட்டார் என்றால் காகிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். மற்ற ரோஸ்வுட்கள் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்கு வந்து எல்லோரையும் கலக்கின. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். தந்த நட், ஆமை ஓட்டுப் பிக்கார்டு இருந்தால் அது வேறு கதை. அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு 3 ஆண்டு செல்லும் வாத்தியச் சான்றிதழ் உண்டு.

புதுவிரல்

பாதுகாப்புச் சோதனையில் கேஸைத் திறந்து, துணியையெல்லாம் எடுத்து, திரும்ப ஏனோதானோ என்று மூடிவிட்டால்? இவ்வளவு கவனமாக அடைத்ததெல்லாம் போய்விடுமே.

மேடைக்காற்று

அதற்கு நான் செய்வது: அடைத்து முடித்த கேஸின் படம் ஒன்றை அச்சடித்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன். எந்தத் துணி எங்கே என்று படத்தில் தெரியும், மொழி தேவையில்லை. ‘தயவுசெய்து இப்படியே மூடுங்கள்’ என்று ஒரு வரி, கீழே போன் நம்பர். சோதனை செய்பவர்களும் பொருள் நன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள், வழி காட்டினால் செய்கிறார்கள். பெரும்பாலும் பெரிய சாமான்களுக்கென்று தனிக் கவுன்டர் இருக்கும். அங்கே கொடுத்தால் சில சமயம் உங்கள் கண் முன்னாலேயே திறந்து பார்த்து மூடச் சொல்வார்கள். பூட்டு போடுவதாக இருந்தால் சோதனையாளர்களிடம் சாவி உள்ள வகைப் பூட்டு மட்டும். கேஸைச் சுற்றி இரண்டு இடத்தில் பட்டை கட்டுங்கள், கொக்கி பெல்ட்டில் மாட்டித் திறந்துகொண்டாலும் மூடி விலகாது. அந்தப் பட்டைகளின் நுனி தொங்கக் கூடாது, செருகிவிடுங்கள்.

மரப்பட்டறை

இறங்கியதும் எங்கே பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலை முழுக்க ஒடிந்திருந்தால் எல்லோருக்கும் தெரியும். பாதி விட்ட விரிசல்தான் ஏமாற்றும், கம்பி தளர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு பூச்சுக் கீறல் போலத் தெரியும். போன் டார்ச்சை நெக்கின் பின்பக்கம் சாய்வாகப் பிடித்து, நட்டுக்கு நேர் பின்னால் குறுக்கே ஓடும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலும் பாருங்கள், பல சமயம் அங்கேதான் தொடங்கும். சந்தேகமாக இருந்தால் கம்பியை ஏற்ற வேண்டாம். ஏற்றாத விரிசலை நல்ல பசை வைத்து இறுக்கினால் அது பல ஆண்டு நிற்கும். ஏற்றி முழுக்கப் பிளந்த பிறகு வந்தால் வேலையும் பெரிது, நிறுவனமும் அதை நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று சொல்லும். கோடு எதுவும் இல்லை என்றால் தங்கும் இடம் போய், கிட்டார் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, எல்லாக் கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஏற்றுங்கள்.